காத்திருப்புக்கு யார் கூலி தருவது?

நெடிய பதிவு, பொறுத்தருள்க. பல்கலைக்கழக வளாகங்களில் அயல்நாட்டு மாணவரோடு சேர்ந்து படிப்பவர்களும் அவர்களுக்கு நெறியாளராக இருப்பவர்களும் முழுவதும் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

சில மாதங்களுக்கு முன், கழக்கூட்டத்துக்கு அப்பால் உள்ள ஒரு கண்ணாடிக் கட்டட வளாகத்தில் ஒரு நாள் முழுவதும் நின்றிருந்தேன். அன்று அவ்வளாகம் ஐரோப்பிய நகரமாக வேடம் பூண்டிருந்தது. தமிழில் வெளிவரவிருந்த தனிப்பாடல் காணொளி ஒன்றுக்கான வெளிப்புறப் படப்பிடிப்பு அது. பிழைப்புத் தேடி அயல்நாடு சென்ற நாயகன் தனிமையில் வாடுகிறான். அவனைச் சுற்றிலும் முகமறியா மனிதர்கள் விரைந்து நடந்துகொண்டிருக்கிறார்கள். அயல்நாட்டுக்கே போய் எடுக்கப் பணம் இல்லாததால் அயல்நாட்டாரை இங்கேயே தேடினார்கள். கோவளத்திலும் வர்க்கலையிலும் தங்கியிருந்த வெள்ளையர் சிலரை ஏஜென்ட் அழைத்து வந்திருந்தார். எண்ணிக்கை போதாமற்போகவே, காரியவட்டம் வளாகத்தில் படிக்கும் அயல்நாட்டு மாணவர்கள் அவர் நினைவுக்கு வந்திருக்கிறார்கள்.

"வெளிநாட்டு முகங்கள் தேவை. நல்ல பேட்டா, சாப்பாடு உண்டு, நல்ல அனுபவம்" என்றொரு வாட்ஸ்அப் செய்தி எனக்கு வந்தது. ஆய்வு உதவித்தொகை நான்கு மாதங்களாக வந்து சேராத காலம். அச்செய்தியை நண்பர் குழுவில் பகிர்ந்தவன் நானே. என்னோடு மூவர் வந்தனர். அவர்களுள் ஒருவர் மேற்கு ஆப்பிரிக்க நாடொன்றிலிருந்து முனைவர் பட்ட ஆய்வுக்காக வந்திருக்கும் பெண். அவருடைய இசைவோடும், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் எழுதுகிறேன். தோழி என்றே குறிப்பிடுகிறேன். ஏன் மறைக்க வேண்டும் என்பது பின்னால் விளங்கும்.

அயல்நாட்டு முகம் இல்லாத என்னை எதற்கு எடுத்தார்கள் என்று கேட்கலாம். தொலைவில் முதுகு காட்டி நடக்கும் வரிசைக்கு நாடு எதுவாயினும் பரவாயில்லை. கறுப்புக் கோட்டு போட்டிருந்தால் போதும்.

காலை ஐந்தரை மணிக்கு வண்டி ஏற்றினார்கள். எங்களுக்கான முதல் ஷாட் பதினொன்றரைக்குத்தான் தொடங்கியது. திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் கம்பளிக் கோட்டும் கழுத்துத் துண்டும் அணிந்து, குளிரில் நடுங்குவதுபோல் தோள்களைக் குறுக்கி நடக்க வேண்டும். நடந்தோம். ஒன்மோர் என்றார்கள், மறுபடி நடந்தோம். இரவு ஒன்பது மணிக்குப் பேக்கப் சொல்லும்வரை நான் நடந்த நேரத்தையெல்லாம் கூட்டினால் நாற்பது நிமிடம் தேறும். எஞ்சிய நேரம் முழுவதும் ஜெனரேட்டர் வண்டியின் பக்கத்தில், நிழல் நகர நகர நாங்களும் நகர்ந்து உட்கார்ந்திருந்தோம். கழிப்பறை ஒன்றே இருந்தது. அதுவும் நாயகனின் கேரவனைத் தாண்டி. அங்கே போய்வர ஒவ்வொரு முறையும் யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டியிருந்தது. பெண்கள் நண்பகலுக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். இதை நான் மாலையில்தான் கவனித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அங்கே குமரி மாவட்டத்து எல்லையோர ஊரிலிருந்து வந்த மூத்த பெண்மணி ஒருவரும் இருந்தார். காலையில் எடுத்த வழியனுப்பும் காட்சியில் அழுகிற உறவினர் கூட்டத்தில் நின்றவர். திருவனந்தபுரத்துப் படப்பிடிப்புகளுக்கு ஆண்டுக்கணக்காக வந்துபோகிறவர். சந்தைக் கூட்டம், கல்யாண வீடு, சாவு வீடு எல்லாவற்றிலும் நின்றிருக்கிறார். நான் அடிக்கடி கைபேசியில் மணி பார்ப்பதைக் கண்டு அவர் சொன்னார்: "மக்களே, இஞ்ச நடிக்கதுக்கு இல்ல சம்பளம், இருக்கதுக்காக்கும். இருக்க நேரத்துக்குக் கணக்கு எழுத ஆளு கெடையாது."

உழைப்பு பற்றிய எத்தனையோ கருத்தரங்குகளில் அமர்ந்திருக்கிறேன். இவ்வளவு துல்லியமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கூட்டமாக நிற்பவரின் உழைப்பு காத்திருப்பதுதான். அழைத்த கணத்தில் அங்கே இருக்க வேண்டும். ஒப்பனை கலையாமல், உடை கசங்காமல் இருக்க வேண்டும். அதற்காக ஒரு முழு நாளை வேறெதற்கும் பயன்படுத்தாமல் ஒப்படைக்க வேண்டும். ஒளிப்பதிவாளருக்கும் இயக்குநருக்கும்கூடக் காத்திருப்பு உண்டு. ஆனால் அவர்களுக்குக் கால்ஷீட் உண்டு, ஒப்பந்தம் உண்டு, மணிக்கணக்கு உண்டு. இவர்களுக்கு மட்டும் "வந்தார், போனார்" என்பதே கணக்கு.

கூலியிலும் ஒரு படிவரிசை இருந்தது. கோவளத்திலிருந்து வந்த வெள்ளையருக்கு 3,000 ரூபாய். எங்கள் மாணவர்களுக்கு 1,200. அந்தக் குமரி அம்மைக்கும் எனக்கும் 700. மாணவர்களுக்குள்ளும் நிறம் பார்த்தே வரிசை அமைத்தார்கள். வெளிறிய தோலுடைய மத்திய ஆசிய மாணவர் முன்வரிசைக்குப் போனார், தோழி மூன்றாம் வரிசைக்கு. "இது ஐரோப்பா அல்லவா" என்று உதவி இயக்குநர் விளக்கம் சொன்னார். தம் உறவினர் பாதிப்பேர் பாரிஸில்தான் இருக்கிறார்கள் என்று தோழி சொன்னபோது அவர் உண்மையாகவே வியந்தார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் பார்த்து வளர்ந்த ஐரோப்பா நம் பாடல்களில் வரும் ஐரோப்பா.

பிற்பகலில் வேறொன்றும் நடந்தது. தரையில் வட்டமிட்ட ஓரிடத்தில் ஒவ்வொருவரையும் நிறுத்தி நான்கு புறமும் படமெடுத்தார்கள். பிறகு ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். கூட்டத்தைக் கணினியில் பெருக்கிக் காட்டுவதற்கு என்றார்கள். எங்கள் உருவத்தை எக்காலத்துக்கும் எவ்வகையிலும் பயன்படுத்தலாம் என்று அத்தாளில் இருந்தது. நகல் கேட்டேன், "அதெல்லாம் ஃபார்மாலிட்டி சாரே" என்று ஏஜென்ட் தோளில் தட்டினார். நானும் கையெழுத்திட்டேன். சொல்லாய்வு செய்வதைத் தொழிலாகக் கொண்டவன், இரண்டு நிமிடம் நின்று படிக்க வெட்கப்பட்டுக் கையெழுத்திட்டேன்.

மறுநாள் காலை என் கைபேசிக்கு ஏஜென்டிடமிருந்து 600 ரூபாய் வந்தது. என் கூலியில் நூறு குறைகிறதே என்று கேட்டேன். அது கூலி அல்ல, ஆள் கொண்டுவந்ததற்கு, தலைக்கு 200 வீதம் என்றார். கூலி பிறகு வரும் என்றார். பிறகு என்பது ஏழு வாரமாயிற்று. தோழிக்கு 1,200க்குப் பதிலாக 800 வந்தது; 400 கழிவு. அந்த நானூற்றில் இருநூறு ஏழு வாரத்துக்கு முன்பே என் கணக்கில் இருந்தது. மூவருக்குமான பணத்தைத் திருப்பித் தரப் போனேன். தோழி வாங்கவில்லை. "எனக்கு இந்த இருநூறு வேண்டாம். யார், எதற்கு, எவ்வளவு பிடித்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடு, போதும்" என்றார். அந்தத் தாளைத் தேடிப்போனதன் விளைவே இப்பதிவு.

முதலில் சொல்லைப் பார்ப்போம். கூட்டத்தில் நிற்பவருக்குத் தமிழில் பெயர் இல்லை. துணை நடிகர் என்கிறோம். விருது மேடையில் சிறந்த துணை நடிகர் என்று நாயகனின் தந்தையாக நடித்தவருக்கும் அதே சொல்லைத் தருகிறோம். ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் என்பது தொழிலுக்குள் வழங்கும் பெயர். அறுபது வயது அம்மைக்கு ஜூனியர் என்று பெயர் வைத்திருப்பதை அவர்களே நகைப்பார்கள். பழைய பத்திரிகைகளில் எக்ஸ்ட்ரா நடிகை என்ற வழக்கு உண்டு. அதில் ஏளனம் கலந்திருந்தது. சொல்லே இல்லாத ஒன்றைப் பற்றி ஆய்வும் குறைவாகவே இருக்கும் என்பதில் வியப்பில்லை. தமிழ்த் திரையைப் பற்றி நாம் படிக்கும் ஆய்வுகள் நாயகனைப் பற்றியவை, ரசிகர் மன்றத்தைப் பற்றியவை, திரைக்கும் அரசியலுக்கும் உள்ள உறவைப் பற்றியவை. எம்.ஜி.ஆரின் பிம்பம் ஏழை மக்களிடம் எவ்வாறு வேர்கொண்டது என்பதை எம்.எஸ்.எஸ். பாண்டியன் ஆராய்ந்தார். திரைக்கு எதிரே அமர்ந்த ஏழைகளைப் பற்றி நமக்கு ஓரளவு தெரியும். திரைக்கு உள்ளே, நாயகனுக்குப் பின்னால் நின்ற ஏழைகளைப் பற்றி ஏறத்தாழ எதுவும் தெரியாது. அதற்கு நான் அசோகமித்திரனிடம்தான் போக வேண்டியிருக்கிறது. ஜெமினி ஸ்டுடியோவில் ஆண்டுக்கணக்கில் பணியாற்றியவர் எழுதிய 'கரைந்த நிழல்கள்' நாவலில், படப்பிடிப்புக்கு ஆள் திரட்டும் நிர்வாகிகளின் அலைச்சலும் திரட்டப்பட்டவர்களின் பசியும் இருக்கின்றன. வேறு எந்த ஆய்வேடும் அந்த வண்டியில் ஏறியதாக எனக்கு நினைவில்லை.

அயல்நாட்டுக் கூட்டம் நம் திரைக்குப் புதிதன்று. 1973இல் வெளிவந்த 'உலகம் சுற்றும் வாலிபன்' ஓசாகாவில் நடந்த எக்ஸ்போ 70 கண்காட்சியில் படமாக்கப்பட்டது. அதில் நாயகனுக்குப் பின்னால் நடந்துபோகும் ஜப்பானியர்கள் கண்காட்சி பார்க்க வந்தவர்கள். தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் தங்களை லட்சக்கணக்கானோர் பார்த்ததை அவர்களுள் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்? அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பொது இடத்தில் நடந்துபோனவர்கள். யாரும் அவர்களைக் காக்க வைக்கவில்லை. ஆனால் அங்கிருந்து ஒரு பழக்கம் தொடங்கியது. அயல்நாட்டு முகம் என்பது கட்டடம், பனிமலை, டிராம் வண்டி போல இடத்தோடு சேர்ந்து வரும் பொருள் என்று நாம் எண்ணப் பழகினோம். இடம் இல்லாமல் முகத்தை மட்டும் இறக்குமதி செய்யும் காலத்திலும் அப்பழக்கம் போகவில்லை.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். 1984இல் வந்த இண்டியானா ஜோன்ஸ் படத்தின் இந்தியக் கிராமம் கண்டிக்கு அருகே எடுக்கப்பட்டது. அந்த 'இந்திய' ஊரார் சிங்களம் பேசுகிறார்கள். பார்த்த அமெரிக்கருக்கு வேறுபாடு தெரியாது என்பது எடுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்கும் முன்னால், 1957இல் வெளியான 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' இலங்கையின் கித்துல்கலையில் எடுக்கப்பட்டது. கதை சயாம்–பர்மா ரயில் பாதையைப் பற்றியது. அப்பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் பல்லாயிரவர் மாண்டனர். படத்தில் பிரிட்டிஷ் போர்க்கைதிகள் பாலம் கட்டுகிறார்கள். தமிழ்க் கூலிகளுக்கு அதில் இடமில்லை. தமிழர் வாழும் தீவிலேயே படமெடுத்தும், அந்தக் கூட்டத்தை நிறுத்திக் காட்ட யாருக்கும் தோன்றவில்லை. கூட்டத்தில் நிற்பது இழிவென்று நினைப்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்கலாம். யாரைக் கூட்டத்தில் நிறுத்துவது என்பதே ஒரு வரலாற்றுத் தீர்ப்பாக அமைந்துவிடுகிறது.

கணக்கு எழுதுவது முடியாத காரியம் என்று யாரேனும் சொன்னால், அட்டன்பரோவின் 'காந்தி' படத்தை நினைவூட்டுவேன். இறுதி ஊர்வலக் காட்சி 1981 ஜனவரி 31 அன்று தில்லியில் எடுக்கப்பட்டது. மூன்று லட்சம் பேர் கூடியதாகக் கின்னஸ் பதிவு கூறுகிறது. அவர்களுள் 94,560 பேருக்குச் சிறு தொகை தந்து ஒப்பந்தம் செய்துகொண்டதாகவும் அதே பதிவு சொல்கிறது. திரையில் அக்காட்சி ஓடுவது 125 வினாடிகள். கணினி பரவாத காலத்தில், ஒரே நாளில், அத்தனை பேரை எண்ண முடிந்திருக்கிறது. கழக்கூட்டத்தில் நாங்கள் இருந்தது முப்பத்தெட்டுப் பேர்.

அதே 1981இல்தான் திரைத்தொழிலாளருக்கான மத்தியச் சட்டம் வந்தது. எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்று அது சொன்னது. ஆனால் திரைத்தொழிலாளர் என்பவர் யார்? குறைந்தது ஐந்து கதைப்படங்களில் வேலை செய்திருக்க வேண்டும். ஒரு நாள் வந்து நின்றவர் அந்த வரையறைக்குள் வரமாட்டார். பாடல் காணொளி கதைப்படமும் அன்று. 2020ஆம் ஆண்டின் பணிசார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இந்த ஓட்டையைப் பெருமளவு அடைத்திருக்கிறது. அதில் ஒலி–ஒளித் தொழிலாளர் என்ற விரிந்த வரையறை உண்டு. விளம்பரம், இணையத் தொடர், எண்மத் தயாரிப்பு எல்லாம் உள்ளே வருகின்றன. ஒப்பந்தக்காரர் வழியாக எடுக்கப்பட்டவரும் வருகிறார். 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்தது. நல்ல வரையறைதான். ஆனால் சட்டத்தில் உள்ள தொழிலாளர் தம்மைத் தொழிலாளராக நினைக்கவும் வேண்டும். "அனுபவத்துக்காக வந்தேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்பவருக்குச் சட்டம் என்ன செய்யும்?

ஹேமா குழு அறிக்கையை இங்கே நினைவுகூர வேண்டும். 2017இல் அமைக்கப்பட்டு, 2019 டிசம்பர் இறுதியில் அரசிடம் தரப்பட்ட அவ்வறிக்கை, 2024 ஆகஸ்ட் 19 அன்றுதான், பல பகுதிகள் நீக்கப்பட்டு, வெளியானது. நாட்கணக்கில் தொலைக்காட்சிகள் பேசின; பெரிய நடிகர்களின் பெயர்களைப் பேசின. ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகளைப் பற்றியும் அந்த அறிக்கை பேசுகிறது: கழிப்பறையின்மை, இடைத்தரகர் கழிவு, மணிக்கணக்கு இல்லாத வேலை. பெயர் தெரியாதவர்களைப் பற்றிய பகுதி என்பதாலோ என்னவோ, விவாத மேடைகளில் அது அதிகம் எழவில்லை. நானும் அன்று அதை விரைந்து புரட்டிக் கடந்தவன்தான். ஜெனரேட்டர் வண்டியின் அருகே உட்கார்ந்த பிறகு மீண்டும் எடுத்துப் படித்தேன்.

இனி தோழியின் நிலை. அவர் வந்திருப்பது மாணவர் விசாவில். அவ்விசாவில் ஊதியத்துக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. கோவளத்து வெள்ளையரும் சுற்றுலா விசாவினர்தாம். ஆனால் அவர்கள் அடுத்த வாரம் ஊருக்குப் போய்விடுவார்கள், இவருக்கு இங்கே இன்னும் மூன்றாண்டு ஆய்வு இருக்கிறது. 400 ரூபாயைக் கேட்டு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதல் கேள்வி விசாவைப் பற்றியே இருக்கும். ஏஜென்டுக்கு இது தெரியும். என்னிடம் இனிமையாகப் பேசி 600 அனுப்பியவர், தோழியின் மூன்று செய்திகளுக்கும் பதிலே தரவில்லை. அயல்நாட்டு மாணவரை அவர் தேடிவரக் காரணம் முகம் மட்டுமா, இந்த மௌனமும் சேர்ந்தா என்று எனக்கு ஐயம் உண்டு.

சட்டம் படிக்கும் நண்பர் ஒருவர், விதியை மீறியவர் கூலி கேட்பது எப்படிச் சரியாகும் என்றார். விதியை மீறியதற்கு விதி தரும் விளைவு வேறு. செய்த வேலைக்கான கூலியை இன்னொருவர் பிடித்துவைத்துக்கொள்வது வேறு. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை நியாயப்படுத்தினால், விதியை மீறச் செய்தவருக்கே பரிசு போய்ச் சேருகிறது. மேலும், நம் பிள்ளைகள் பிரிட்டனுக்குப் படிக்கப் போனால் பருவ காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். உணவகங்களில் தட்டுக் கழுவுகிறார்கள், கிடங்குகளில் பெட்டி அடுக்குகிறார்கள். அந்தப் பணம் அவர்கள் வாடகைக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பது இங்குள்ள பெற்றோருக்குத் தெரியும். அந்த உரிமை குறைக்கப்படும் என்று ஒரு செய்தி வந்தாலே நாம் பதறுகிறோம். இந்தியாவில் படிக்க வாருங்கள் என்று 2018இலிருந்து திட்டம் போட்டு அழைக்கும் நாம், வந்தவருக்கு வாரம் பத்து மணி நேரத்தையாவது, எழுத்து ஒப்பந்தத்தோடு, ஏன் தரக்கூடாது? உள்ளூர்த் துணை நடிகரின் வேலையை அயல்நாட்டார் பறிப்பார்கள் என்ற அச்சம் உண்மையானதே. மறைவாக, மலிவாக, கேள்வி கேட்க இயலாதவராக வருபவர்தாம் பறிப்பார்கள். அதே விகிதத்தில், அதே தாளில் கையெழுத்திட்டு வருபவரால் அந்தக் குமரி அம்மையின் 700 குறையாது. கூடவும் கூடும்.

நாயகப் பாத்திரத்தில் நடித்த அயல்நாட்டாருக்கே இங்கே கேள்வி எழுந்திருக்கிறது. 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' வெளியான 2018இல், நைஜீரிய நடிகர் சாமுவேல் அபியோலா ராபின்சன் தமக்குக் குறைந்த ஊதியம் தந்ததில் நிறவேற்றுமை இருந்ததாக வெளிப்படையாகச் சொன்னார். தயாரிப்பாளர்கள் மறுத்தார்கள், பிறகு இருதரப்பும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். யார் பக்கம் நியாயம் என்று இங்கே தீர்ப்பெழுத வரவில்லை. அவருக்குப் பெயர் இருந்தது, சுவரொட்டியில் முகம் இருந்தது, ஆகவே பேச முடிந்தது. மூன்றாம் வரிசையில் நிற்பவரிடம் அவை இல்லை.

முகத்தைப் பற்றிய செய்தி இன்னும் சிக்கலானது. 2023இல் அமெரிக்க நடிகர் சங்கம் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, கோரிக்கைகளுள் ஒன்று பின்னணி நடிகர்களின் உருவத்தைக் கணினியில் படியெடுப்பதைப் பற்றியது. ஒரு நாள் கூலி தந்து உருவத்தைப் பதிந்து, பிறகு காலமெல்லாம் பயன்படுத்தப் பார்க்கிறார்கள் என்று சங்கம் குற்றம் சாட்டியது. நிறுவனங்கள் அதை மறுத்தன. முடிவில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் இசைவு, ஊதியம் இரண்டுக்கும் விதிகள் வந்தன. இங்கே அந்த விவாதத்தை நாம் கட்டுரைகளில் வாசித்து, பிற்காலத் தொழில்நுட்பம் பற்றிய கருத்தரங்குத் தலைப்பாக்கிக்கொண்டோம். கழக்கூட்டத்தில் அது ஒரு வட்டக் கோடும் ஒரு தாளுமாக ஏற்கனவே வந்துவிட்டிருந்தது.

காணொளி வெளியாகிவிட்டது. தோழி ஓரிடத்தில், ஏறத்தாழ இரண்டு வினாடி, தெரிகிறார். ஒரே சட்டகத்தில் மூன்று இடங்களில் தெரிகிறார். கோட்டின் நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அதைப் படமெடுத்துத் தம் தாய்க்கு அனுப்பினாராம். இவர்களுள் நீ யார் என்று தாய் கேட்டிருக்கிறார்.

இந்நகரில் வாழும் நமக்கு இன்னொரு கடனும் உண்டு. இங்கே எடுக்கப்பட்ட முதல் மலையாளப் படமான 'விகதகுமார'னை உருவாக்கியவர் அகஸ்தீஸ்வரத்துத் தமிழரான ஜே.சி. டேனியல். அதில் நாயர் பெண்ணாக நடித்த தலித் பெண் பி.கே. ரோசி, அதன் காரணமாகவே இவ்வூரைவிட்டு விரட்டப்பட்டார். படத்தின் பிரதி இன்று இல்லை. நாயகிக்கே அந்த நிலை என்றால், அப்படத்தில் கூட்டமாக நின்றவர்கள் யார், என்ன கூலி பெற்றார்கள் என்பதை இனி எவரும் அறியப் போவதில்லை. ஆண்டுதோறும் டிசம்பரில் நடக்கும் திரைப்பட விழாவுக்கு அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு டாகோர் அரங்கின் முன் வரிசையில் நிற்கிறோம். ரோசியைப் பற்றிப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். அதே வாரத்தில் அதே நகரின் மறுகோடியில் நிற்கும் வரிசையையும் யாரேனும் எழுதிவைக்கலாம். முதுகலை மாணவர் ஒருவருக்கு ஓர் ஆய்வேட்டுக்கான பொருள் இதில் இருக்கிறது. ஏஜென்டின் நோட்டுப் புத்தகம், வண்டி ஓட்டுநரின் நினைவு, பேட்டா வவுச்சர்கள் எல்லாம் அழியும் சான்றுகள்.

அனுபவம் என்ற சொல் ஏஜென்டின் கண்டுபிடிப்பன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கருத்தரங்கில் நாற்காலி அடுக்கவும், விருந்தினரை விமான நிலையத்திலிருந்து அழைத்துவரவும், பேராசிரியரின் நூலுக்குச் சொல்லடைவு தயாரிக்கவும் ஆய்வு மாணவரை அழைக்கும்போது நாமும் இதே சொல்லைத்தான் சொல்கிறோம். அதனால்தான் அந்த வாட்ஸ்அப் செய்தி எனக்கு உறுத்தவில்லை; பழகிய மொழியாக இருந்தது. தோழிக்கும் உறுத்தவில்லையாம். "உங்கள் துறையில் எல்லோரும் இப்படித்தானே பேசுகிறீர்கள்" என்றார்.

அந்த 600 ரூபாய் இன்னும் என்னிடம் இருக்கிறது. மற்ற இரு மாணவரும் தங்கள் பங்கை வாங்க மறுத்துவிட்டனர். ஒருவர் அதைப் பற்றிப் பேசவே விரும்பவில்லை. தோழி கேட்ட தாளை என் கைப்பட எழுதிக் கொடுத்தேன்: நாள், ஏறிய நேரம், இறங்கிய நேரம், சொன்ன தொகை, வந்த தொகை, பிடித்த தொகை, அதில் என் கைக்கு வந்தது. கீழே கையெழுத்திட்டேன். குமரி அம்மையிடம் தொலைபேசியில் கேட்டபோது, தமக்கு 500 வந்ததாகவும் அது வழக்கம்தான் என்றும் சொன்னார்.

சென்ற வாரம் அதே ஏஜென்டிடமிருந்து புதிய செய்தி வந்தது. இம்முறை வேலி கடற்கரை; அரபு நாட்டுக் காட்சியாம்; இருபது பேர் வேண்டும். நான் யாருக்கும் பகிரவில்லை. எத்தனை மணி நேரம், ஆளுக்கு எவ்வளவு, கழிவு எவ்வளவு, பணம் எந்த நாளில் வரும், கையெழுத்து வாங்கும் தாளின் நகல் தருவீர்களா, பெண்களுக்குக் கழிப்பறை எங்கே என்று கேட்டு எழுதினேன். இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. இதை எழுதும்வரை பதில் இல்லை. நேற்று மாலை அதே செய்தியை வேறொரு துறையின் மாணவர் குழுவில் யாரோ பகிர்ந்திருப்பதாகத் தோழி சொன்னார். அந்தக் குழுவில் எனக்குத் தெரிந்தவர் யாரேனும் இருந்தால், மேற்கண்ட கேள்விகளை அங்கேயும் ஒட்டிவிட வேண்டுகிறேன்.